கார் நோண்டுகிற ஆசைக்கு வயதானால் என்ன ஆகிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய பத்மினி காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட் மாற்ற நின்றேன். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். பழைய பாயிண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கழற்றிக் கையில் எடுத்துவிட்டதாக நினைத்தேன், விரலில் இல்லை. உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்காமல் செல்ஃப் அடித்தால் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் மென்று துப்பிவிடும். இருபத்தெட்டு வயதில் இதே ஸ்க்ரூ இதே குழியில் விழுந்திருக்கிறது, வாய்க்குள் திட்டிக்கொண்டே அரை நிமிடத்தில் எடுத்திருக்கிறேன். இப்போது ஐம்பத்தெட்டு. டார்ச், மூக்குக் கண்ணாடி, நுனியில் காந்தம் வைத்த குச்சி, மறுபடி கண்ணாடி என்று முக்கால் மணி நேரம் போனது. ஸ்க்ரூ கிடைத்தது. ஆனால் புதுப் பாயிண்ட் மாட்டவில்லை. பழையதையே திரும்ப இறுக்கி, மூடியை மாட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் வரை ஒரே யோசனை. போனது ஆர்வமா, கையா? என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது: "வயசாச்சுப்பா, இனிமே எதுக்கு இதெல்லாம்." ஆனால் அதே ஆள், கல்யாண மண்டப வாசலில் யாராவது ஒரு பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினால், பந்திக்குப் போகாமல் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார். ஆக ஆசை எங்கேயும் போய்விடவில்லை. வயது என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு சங்கதிகளைப் போட்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறோம், அவற்றில் பாதிக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கட்சி.

முதலில் தேவையைப் பார்ப்போம், ஏனென்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 1980-களின் தொடக்கம் வரை இந்த நாட்டில் சாலையில் கண்ணில் படுகிற கார்கள் பெரும்பாலும் மூன்றே மூன்று: உத்தரப்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்து பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், அப்புறம் நம் மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். காசைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும். அப்படி வாங்கியதை இருபது வருடம் வைத்திருப்பார்கள். அந்த வண்டிகளும் சும்மா இருக்காது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாயிண்ட் தேயும், பிளக்கில் கரி ஏறும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் சின்னத் துளையில் தூசி அடைக்கும், பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், கிரீஸ் அடிக்க வேண்டும். ஊருக்கு ஒரு நல்ல மெக்கானிக் இருப்பார், அவரும் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். அதனால் காரை வைத்திருந்தவருக்கோ அவர் வீட்டு டிரைவருக்கோ பாதி மெக்கானிக் வேலை தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுப் பத்மினி 1986 மாடல். அப்பா அதை நோண்டினார் என்றால் பொழுது போகாமல் இல்லை, திங்கட்கிழமை காலை அது கிளம்பியாக வேண்டும் என்பதால். அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தால் அவருக்குக் கோபம்கூட வந்திருக்கும். ஆனால் அந்த வேலைக்குள்ளேயே ஒரு ருசி இருந்தது. பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு அதில் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், நெய்யில் கத்தி இறங்குகிற மாதிரி என்பார். அது சரியாக அமைந்து, அந்த 1,089 சிசி இன்ஜின் ஐடிலிங்கில் ஒரே சீராக நின்றால், அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி நிறுத்தலாம் என்பது பட்டறைப் பேச்சு. நான் முயன்ற வரையில் காசு விழுந்ததுதான் அதிகம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட். 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின, கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்தது, பாயிண்ட் என்ற பொருளே புது வண்டிகளில் இல்லாமல் போனது. நாற்பது வயதில் ஒருவர் பத்மினியை விற்றுவிட்டு இன்ஜெக்ஷன் வண்டி வாங்கி, ஐந்து வருடம் ஸ்பேனரைத் தொடாமல் இருந்துவிட்டு "எனக்கு வயசாயிடுச்சு, ஆர்வம் குறைஞ்சிடுச்சு" என்றால், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கு பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி செய்த ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே சென்சார்களும் ஒயர்களும். நமக்கு விட்டு வைத்திருப்பது வைப்பர் தண்ணீர் ஊற்றுகிற இடம் மட்டும்தான்.

சரி, உடம்புக்கு வருவோம். உடம்பு பொய் சொல்லாது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் அது முதலில் கைவிடுவதும் இல்லை. பலம் போய்விடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். தசை முப்பதைத் தாண்டியதிலிருந்தே மெல்லக் குறையத்தான் செய்கிறது, ஆனால் பலத்துக்கு மாற்று இருக்கிறது: ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீட்டினால் எந்த நட்டும் இளகும். முதலில் கைவிடுவது கண். நாற்பது, நாற்பத்தைந்தில் கண்ணின் லென்ஸ் இறுகிவிடுவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும், இது எல்லாருக்கும் தெரிந்த வெள்ளெழுத்து. அதிகம் பேசப்படாதது வெளிச்சம். கண்ணின் பாப்பா சுருங்கி, லென்ஸும் மஞ்சளிப்பதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அப்பா காலத்தில் ஒரு குண்டு பல்பைப் பானெட்டில் தொங்கவிட்டுச் செய்த வேலைக்கு எனக்கு இரண்டு எல்இடி லைட்டும் நெற்றியில் ஒரு டார்ச்சும் வேண்டியிருப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. நம் வயதில் பாதிப் பேர் போட்டிருப்பது ப்ரோக்ரஸிவ் கண்ணாடி, மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு. கீழே குனிந்து பேப்பர் படிக்கிறவருக்காகச் செய்தது அது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால் கிட்டத்தில் இருக்கும் நட்டு தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணாடியின் மேல்பக்கமோ தூரப்பார்வை. அதனால் முகவாயை வானத்துக்குத் தூக்கி, கழுத்தை வளைத்து, கண்ணாடியின் அடிப்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேல் வேலை பார்க்கிறவர்களுக்காகவே மேலேயும் கீழேயும் படிக்கும் பவர் வைத்த கண்ணாடி உண்டு, கண்ணாடிக்கடையில் கேட்டால் செய்து தருவார்கள். இது தெரியாமல் நான் மூன்று வருடம் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதே மல்லாந்த கோலத்தில்தான் தலைசுற்றலும் வருகிறது. உள்காதில் இருக்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து, உடம்பின் சமநிலையை அளக்கிற குழாய்க்குள் போய்விட்டால், படுத்துத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது உலகமே ஒரு சுற்றுச் சுற்றும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம், பெரும்பாலும் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள வண்டிக்கு அடியில் இருக்கும்போது அது வந்தால் சகஜம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு ஒரு தடவை வந்தது. அன்றிலிருந்து வண்டிக்கு அடியில் போவதை நிறுத்திவிட்டேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி, பக்கத்தில் ஒரு கட்டைகூட வைக்காமல் அடியில் போய்ப் படுத்த இருபது வயதுப் பையனை நினைத்தால்தான் இப்போது வயிறு கலங்குகிறது.

நம் ஊரில் சர்க்கரையைச் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம்; அது வந்தால் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோக முடியாது, பேட்டரியைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. நரம்பு பாதித்தால் விரல் நுனி மரத்துப்போகும். நட்டு மரையில் சரியாக ஏறுகிறதா, கோணலாக ஏறுகிறதா என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். விரல் சொல்லவில்லை என்றால் மரை போய்விடும், அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டியதுதான். இதய வைத்தியத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன வெட்டுக்கே வேஸ்ட் துணி முழுக்கச் சிவந்துவிடும். வயதானால் தாகம் எடுப்பதும் மந்தமாகிறது, அதனால் மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றும் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, பிறகு மயக்கம் வரும்போதுதான் தெரியும். இளமையில் செய்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதித்தான் சுத்தம் செய்வோம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. கை கழுவுவது பெட்ரோலில், அது ஈயம் கலந்த பெட்ரோல், 2000 தொடக்கத்தில்தான் நாடு முழுக்க அது நின்றது. அன்றைக்குப் பயமே இல்லாமல் செய்தோம் என்று பெருமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

காது கதை வேறு. வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற மெல்லிய உயர்ந்த ஒலிகள். தடித்த ஒலிகள் கடைசி வரை இருக்கும். அதனால் இன்ஜின் வால்வுக்கு மேல் டேப்பெட் தட்டுகிற 'டக் டக்' எனக்கு இன்றைக்கும் அச்சாகக் கேட்கிறது, ஆனால் கார்புரேட்டரின் அடி கேஸ்கட் வழியாகக் காற்று இழுக்கும் 'உஸ்' கேட்கவில்லை. ஆறு மாதம் ஐடிலிங் தள்ளாடியது, நான் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவினேன். விடுமுறைக்கு வந்த அக்கா மகள் பக்கத்தில் நின்று, "மாமா, இங்க ஏதோ காத்துப் போற சத்தம் வருதே" என்றாள். அவள் கார் ஓட்டக்கூடக் கற்றவள் இல்லை.

இதற்கு நேரெதிராக, தலைக்குள் இருப்பது அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. புதிதாக ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற வேகம் முப்பதுகளிலிருந்தே இறங்க ஆரம்பிக்கிறது, சேர்த்துவைத்த அனுபவ அறிவோ அறுபதைத் தாண்டியும் நிற்கிறது, உளவியல்காரர்கள் இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். பட்டறையில் இது கண்கூடு. இளைஞன் பத்து உதிரிபாகத்தை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைக் கிழவர் புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் அந்த அறிவு அவர் பழகிய வண்டிக்கு மட்டும்தான் செல்லும். ஸ்கேனரைச் செருகி எண்களைப் படிக்கிற வண்டியில் அவர் மறுபடி ஒன்றாம் வகுப்பு. ஆர்வம் குறைவது என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இந்தக் கூச்சம்தான் என்று நினைக்கிறேன், நாற்பது வருடம் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டு ஒரு பையனிடம் போய் "தம்பி, இது எப்படிப்பா" என்று கேட்பது எல்லாருக்கும் வருவதில்லை.

நேரமும் பணமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருபதுகளில் நேரம் உண்டு, காசில்லை. முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வரை இரண்டும் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் போய்விடும். அப்போது விடுபட்டதை வயதின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஐம்பதுக்கு மேல் கொஞ்சம் காசும் நேரமும் திரும்பி வருகிறது, வரும்போது ஒரு குறிப்பிட்ட வண்டிமேல்தான் போய் விழுகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும் என்பது நினைவாற்றல் ஆராய்ச்சியில் பலமுறை கண்ட விஷயம். அதனால்தான் இன்றைக்கு ஐம்பத்தைந்து வயதுக்காரர் தேடி அலைவது பத்மினியையும் காண்டெஸாவையும் முதல் மாருதியையும். அவருடைய அப்பா ஏங்கிய மாரிஸ் மைனரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க யோசிப்பார். கோவை அவினாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நின்று பாருங்கள், வரிசையாக அரிய வண்டிகள் இருந்தும் ஒவ்வொருவரும் தான் பள்ளிக்கூடம் போன நாளில் தெருவில் பார்த்த வண்டியின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். அந்த ஊர்க்காரர் ஜி.டி. நாயுடு வாலிப வயதில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுக்கப் பிரித்து மாட்டியதாகச் சொல்வார்கள். அது 'உள்ளே என்ன இருக்கிறது' என்ற வயது. என் வயதில் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும், அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கவலை.

ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதைப் பொதுவாகவே சொல்லியிருக்கிறார்: முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதியதைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, மனதுக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. முப்பதில் முழு வண்டியையும் பிரித்துப் போட்டுவிட்டு, எப்போது முடியும் என்ற கவலையே இல்லாமல் தூங்கினேன். இப்போது எதையும் பிரிப்பதற்கு முன்னால், இது மழைக்காலத்துக்குள் முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது வயதான கார்களுக்கு 'விஏ' என்ற தனி வரிசையில் பதிவு எண் தரலாம் என்று 2021-ல் விதி வந்தது. எங்கள் பத்மினிக்கு ஐம்பது வருவது 2036-ல், அப்போது எனக்கு அறுபத்தொன்பது. இந்தக் கணக்கை முப்பது வயதில் போட்டிருக்கவே மாட்டேன்.

ஜெர்மானியரான பால் பால்டெஸும் மார்கிரெட் பால்டெஸும் முதுமையைப் பற்றி எழுதியபோது பியானோ மேதை ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டினார்கள். முதுமையிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்றால், வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார், அந்தச் சிலவற்றை அதிகம் பயிற்சி செய்தார், வேகமான இடம் வருவதற்குச் சற்று முன்பு வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அதனால் பிறகு வருவது வேகமாகத் தெரிந்தது. கார் நோண்டுகிறவர்களில் தாக்குப்பிடிக்கிறவர்களும் இதைத்தான் தெரியாமலே செய்கிறார்கள். இரண்டு வண்டியில் ஒன்றை விற்றுவிடுகிறார்கள். இன்ஜின் இறக்குவது, டிங்கரிங் எல்லாம் வெளியே. கார்புரேட்டர், ஒயரிங், கடிகாரம், பூட்டு என்று மேஜைமேல் வைத்து உட்கார்ந்து செய்கிற வேலையைத் தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

வெளியே கொடுப்பதும் லேசில்லை, ஏனென்றால் நமக்கு மட்டும் வயதாகவில்லை. நான் போகிற மெக்கானிக் பாய்க்கு வயது எழுபத்திரண்டு. போன வருடம் கேட்டதற்குச் சொன்னார்: "வண்டியக் கொண்டாங்க தம்பி, நான் ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்றேன், பையன் செய்வான். ஆனா பையனுக்கு கார்புரேட்டர்னா என்னான்னு நான் மொதல்ல சொல்லணும், அதுக்கு ரெண்டு நாளு." சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் பாகம் ஏதாவது கிடைக்கும், பாகத்தைவிடக் கை கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது. இது போதாதென்று இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோசுக்கும் டயாஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை, ஈரத்தை வேறு இழுக்கும், ஓட்டாமல் நிறுத்திவைத்தால் கார்புரேட்டருக்குள் கசடு கட்டும். வயதானால் வண்டியை எடுப்பது குறைகிறது, எடுக்காததால் வண்டி மக்கர் பண்ணுகிறது, நமக்கு வேலை செய்ய முடியாத நாளில்தான் வண்டிக்கு வேலை அதிகமாகிறது. இந்தச் சுழலில் மாட்டித்தான் பல நல்ல வண்டிகள் தார்ப்பாய்க்குள் போய், அப்படியே பழைய இரும்புக்குப் போகின்றன.

பாயிண்டே தேவைப்படாத எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. இரண்டு ஒயர், அரை மணி நேர வேலை, அப்புறம் அந்த அரிசி மணி ஸ்க்ரூவோடு மல்லாடவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன், உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் வீட்டில், "அதான் வாங்கி வெச்சிருக்கீங்களே, மாட்டிடுங்களேன், எதுக்கு இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இந்தப் பாடு?" என்றாள். மாட்டிவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்க எனக்கு என்ன காரணம் இருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். புதுப் பாயிண்ட் செட் ஒன்றும், அதோடு கூடவே நாலைந்து ஸ்க்ரூவும் சொல்லி வைத்திருக்கிறேன், வந்துவிடும்.